எட்டாயிரத்தில் ஒன்று
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



இறக்கக்கண்டியிலிருந்து பஸ் ஏறிப் படிக்க வந்த நாங்கள், களப்பைப் பார்த்து வளர்ந்தவர்கள். கலங்கல் நீரில் தோணி விடுபவர் நீண்ட கோலை ஊன்றிப் பார்ப்பார். சேறானால் கோல் இறங்கும். கல்லானால் இடித்து நிற்கும். கண்ணுக்குத் தெரியாத அடியை அவர் அறிவது அப்படித்தான். அணுவின் உள்ளே இருப்பதையும் ஏறத்தாழ அவ்வாறே அறிந்தார்கள்.

1909இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில், இரதபோட்டின் வழிகாட்டலில், கைகரும் இருபது வயது மாணவர் மாஸ்டனும் மெல்லிய உலோகத் தகடுகள்மீது அல்பாத் துணிக்கைகளைச் செலுத்தினர். நாகசல்பைட்டுத் திரையில் துணிக்கை பட்டதும் சிறு ஒளிப்பொறி தோன்றும். இருட்டறையில் அமர்ந்து, நுணுக்குக்காட்டியால் அந்தப் பொறிகளை ஒவ்வொன்றாக எண்ணினர்.

அணு முழுவதும் நேரேற்றம் பரந்திருக்கிறது என்பது அக்காலத்தில் தொம்சன் கூறிய கருத்து. அது சரியானால் துணிக்கைகள் சற்றே விலகி அப்பால் போய்விட வேண்டும். பெரும்பாலானவை அப்படித்தான் போயின. ஆனால் பிளாட்டினத் தகட்டில் ஏறத்தாழ 8,000இல் ஒன்று பின்னோக்கித் திரும்பியது. 1911இல் இரதபோட் காரணம் சொன்னார்: அணுவின் நடுவே மிகச் சிறிய இடத்தில் பெரும் ஏற்றம் செறிந்திருக்கிறது. அதுவே கரு.

இலங்கைக்கும் இக்கதையில் ஓரிடம் உண்டு. 1905இல் இலண்டனில் ஓட்டோ ஹான், இலங்கையிலிருந்து சென்ற தோரியனைற்றுக் கனியத்தை ஆராய்ந்து கதிர்த்தோரியத்தைக் கண்டுபிடித்தார். பின்னர் மொன்றியலில் இரதபோட்டிடம் பணியாற்றினார். எங்கள் கரையின் வடக்கே, புல்மோட்டைக் கருமணலிலுள்ள மொனசைற்றிலும் தோரியம் உண்டு. அது இன்றும் அல்பாத் துணிக்கைகளை வெளிவிட்டபடி இருக்கிறது.

இவற்றையெல்லாம் நாங்கள் படிக்க முடிந்ததே ஓர் ஆசிரியையால்தான். இடம்பெயர்ந்து திரும்பிய ஆண்டில் உயர்தர விஞ்ஞானப் பிரிவில் நாங்கள் மூவரே இருந்தோம். "மூன்று பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பா?" என்று கேட்டவர்கள் இருந்தார்கள். பௌதிகவியல் ரீச்சர் வகுப்பைக் கைவிடவில்லை. கரும்பலகையில் தகட்டை வரைந்து, "திரும்பி வந்த ஒன்றையும் எண்ணினபடியால்தான் கரு தெரிய வந்தது, பிள்ளைகள்" என்றார். அதன்பின் மூவரில் ஒருவரும் பாடசாலைக்கு வராமல் நின்றதில்லை.

சகோதரிகளே, இன்றும் தூரத்துக் கிராமங்களிலிருந்து ஒருவர், இருவராக விஞ்ஞானம் படிக்க வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். எங்கிருந்தாலும் நாம் அனுப்பும் உதவி, அவர்களுக்கு ஆய்வுகூடக் கருவியாகவும் பஸ் காசாகவும் போய்ச் சேரட்டும்.