வில்சன் பங்களாவும் துரைசாமி ராஜாவும்



நுவரெலியாவிலிருந்து வெலிமடைக்கு வரும் வழியில் கெப்பெட்டிபொல என்றொரு ஊர் வரும். முன்பு அந்த ஊருக்கு 'வில்சன் பங்களா' என்று பெயர். பஸ் பலகையில் பெயர் மாறியதோடு ஒரு யுத்தத்தின் கணக்கும் தீர்ந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

வில்சன் பதுளைக்குப் பொறுப்பாக இருந்த ஆங்கிலேய அதிகாரி. 1817இல் வெல்லஸ்ஸக் காட்டில் ஒருவன் முளைத்தான். கண்டியின் கடைசி மன்னரின் உறவினன், பெயர் துரைசாமி, அரசுரிமை தனக்கே என்றான். அவன் வில்பாவையைச் சேர்ந்த முன்னாள் பிக்கு என்பது பிறகுதான் வெளியானது. ஆனாலும் பாருங்கள், சிங்களக் கிராமங்கள் வெள்ளைக்காரனுக்கு எதிராக எழுந்தது ஒரு தமிழ்ப் பெயரின் பின்னால்! அவனைப் பிடிக்கப் போன ஹாஜி மரைக்கார் பிடிபட்டு இறந்தார். வெல்லஸ்ஸ முஸ்லிம்களுக்குத் தலைவராக ஆங்கிலேயர் நியமித்தவர் அவர். அடுத்துப் போன வில்சன் அம்பு பட்டு விழுந்தார்.

கிளர்ச்சியை அடக்கி வா என்று ஊவாவின் திசாவையாக, அதாவது மாகாணத் தலைவராக, இருந்த கெப்பெட்டிபொலவை அனுப்பினார்கள். அவரோ கிளர்ச்சியோடு சேர்ந்துகொண்டு, ஆங்கிலேயர் தந்த ஆயுதங்களை அவர்களுக்கே திருப்பி அனுப்பினார். 1818 நவம்பர் 26ஆம் திகதி கண்டியில் அவர் தலை வெட்டப்பட்டது. எடின்பரோவுக்குக் கொண்டுபோன மண்டையோடு 1954இல்தான் கண்டியில் அடக்கமானது. ஆங்கிலேயர் அவருக்குச் சூட்டிய துரோகி என்ற பட்டத்தை இலங்கை அரசு நீக்கியதற்கான விழாவும் 2017இல் அங்கேயே நடந்தது.

தலைவருக்குச் சரி. ஊர்களுக்கு?

மடுல்சீமையில் பொடியன்மார் படம் பிடிக்கப் போகும் 'மினி உலக முடிவு' விளிம்பில் நின்றால் கீழே விரிந்து கிடப்பது வெல்லஸ்ஸப் பக்கம். அன்று கிளர்ச்சிக்காரர்கள் காட்டுக்குள் மறைந்ததும் ஆங்கிலேயப் பட்டாளம் ஊர்களின் மேல் பாய்ந்தது. வீடுகளைக் கொளுத்தினார்கள். நெல்லை எரித்தார்கள், மாடுகளைக் கொன்றார்கள். காய்க்கிற மரத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. அப்போது இங்கே இருந்த இராணுவ மருத்துவர் ஜோன் டேவி, மாண்ட உள்ளூர்ச் சனம் பத்தாயிரம் வரை இருக்கலாம் என்று கணக்கிட்டார். பட்டினியும் காய்ச்சலும் அதில் சேர்த்தி.

நம் காதுக்குக் கொஞ்சம் கசப்பான செய்தி ஒன்றும் உண்டு. ஆளுநர் பிரவுண்றிக் உதவி கேட்டதும் சென்னையிலிருந்து சிப்பாய்கள் வந்தார்கள். தமிழ் மண்ணிலிருந்து புறப்பட்ட பட்டாளம் கோப்பிக்கும் தேயிலைக்கும் முன்பே இந்த மலைகளை நோக்கி வந்துவிட்டது, கையில் துப்பாக்கியோடு. 1823இலிருந்து எண்ணி, 2023இல் மலையகத் தமிழர் வருகையின் இருநூறு ஆண்டு நிறைவைக் கொண்டாடினோம். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தோம். அந்த 1823க்கும் இந்த நெருப்புக்கும் இடையே ஐந்தே வருடம்தான். மாத்தளைக்கு நடந்த வழியில் இதை யாராவது பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பசறையிலிருந்து லுணுகலை வழியாக பிபிலைக்கு இறங்கும் வீதியில் ஒரு நினைவுப் பலகை வைப்பதென்றால், என்னிடம் கேட்டால், கெப்பெட்டிபொலவின் பெயரோடு மரைக்காரையும், துரைசாமி என்று சொல்லிக்கொண்டவனையும், சென்னைச் சிப்பாய்களையும் எழுதச் சொல்வேன். அதைச் சிங்களத்திலும் தமிழிலும் ஒரே அளவு எழுத்தில் எழுதவேண்டும். எரிந்த ஊர்களின் பெயர்களுக்கு ஒரு முழுப் பக்கம் விட்டுவைக்க வேண்டும்.