வேற சாவிக்குத் திறக்குதா? எதிர்பார்த்த பிழையைச் சோதிப்பது எப்படி

எங்க ஊர் திண்டுக்கல். பிரியாணிக்கு அடுத்து எல்லாருக்கும் ஞாபகம் வர்றது பூட்டு. 2019-ல அதுக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சது. பூட்டு வாங்கும்போது நாம என்ன செய்வோம்? அதோட சாவியைப் போட்டுத் திறந்து பார்ப்போம். வேற சாவியைப் போட்டுப் பார்க்கிறவங்க எத்தனை பேர்?

அக்செப்டன்ஸ் டெஸ்ட்லயும் இதே கதைதான். கணக்குல 500 ரூபாய் இருக்கு, 1,000 ரூபாய் அனுப்பச் சொல்றோம்னு வைங்க. 'இருப்பு போதாது'ன்னு எக்ஸ்செப்ஷன் வந்தாதான் டெஸ்ட் பாஸ் ஆகணும். இதை எழுதும்போது மூணு இடத்துல கவனம் வேணும்.

ஒண்ணு, பலர் ட்ரை-கேட்ச் போட்டு, கேட்சுக்குள்ள மட்டும் அசர்ட் எழுதுவாங்க. எக்ஸ்செப்ஷன் வரவே இல்லன்னா அந்த வரி ஓடவே ஓடாது. எதையும் சோதிக்காமலே டெஸ்ட் பச்சையாகிடும். அதனால ட்ரை முடியுற இடத்துல, 'இங்க வந்தா ஃபெயில்'னு ஒரு வரி கட்டாயம் வேணும்.

ரெண்டு, எந்தப் பிழைன்னு சரியாச் சொல்லணும். டேட்டாபேஸ் கனெக்‌ஷன் அறுந்தாலும் எக்ஸ்செப்ஷன்தான் வரும். ராபாட் ஃபிரேம்வொர்க்ல எதிர்பார்க்கிற பிழைக்கு வெறும் நட்சத்திரக்குறி போட்டா, எந்தப் பிழை வந்தாலும் பாஸ். ஜேயூனிட் 4-ல டெஸ்ட் மேல 'எக்ஸ்பெக்டட்' போட்டா, முழு மெத்தடுல எந்த வரி அந்தப் பிழையை வீசினாலும் பாஸ். ஜேயூனிட் 5-ல 'அசர்ட் த்ரோஸ்' இருக்கு. குறிப்பிட்ட வரியை மட்டும் சுத்திப் போடலாம்.

மூணு, பிழை வந்த பிறகு கணக்குல 500 ரூபாய் அப்படியே இருக்கான்னு பாருங்க. பணத்தைக் கழிச்சுட்டு அப்புறம் 'முடியாது'ன்னு சொன்னா, அந்தப் பிழைச் செய்தியால யாருக்கு என்ன லாபம்?

இதெல்லாம் சின்ன விஷயம் இல்ல. 2014 பிப்ரவரியில ஆப்பிள் ஐஓஎஸ் 7.0.6-ஐ அவசரமா வெளியிட்டது. 'கோட்டூ ஃபெயில்'ங்கிற வரி கோடுல ரெண்டு தடவை விழுந்திருந்தது. ரெண்டாவது வரி, கையொப்பச் சரிபார்ப்பைத் தாண்டிக் குதிச்சு, 'எல்லாம் சரி'ன்னு திரும்பியது. நல்ல இணையதளங்கள் வழக்கம்போலத் திறந்ததால வெளியே ஒண்ணும் தெரியல. தப்பான கையொப்பத்தைக் கொடுத்து, 'மறுக்குதா'ன்னு கேட்கிற ஒரு டெஸ்ட் இருந்திருந்தா பிடிபட்டிருக்கும்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்க. உங்க கோடுல இருப்பைச் சரிபார்க்கிற மாதிரி ஒரு வரியைத் தற்காலிகமா எடுத்துட்டு டெஸ்டை ஓட்டுங்க. அப்பவும் பச்சைன்னா, அந்த டெஸ்டை முதல்ல திருத்துங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்!