குட்டியானைக்குக் கூண்டு கட்டுவோம்



விதை, உரம், பூச்சிமருந்து என்று எத்தனையோ விஷயங்களைப் பேசுகிறோம். ஆனால் அறுத்தெடுத்த மகசூல் காட்டிலிருந்து சந்தைக்குப் போய்ச் சேருகிற அந்த ஒன்றிரண்டு மணி நேரத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. மாதக் கணக்கில் பட்ட பாடு வழியிலேயே வீணாகிப் போவதும் உண்டு. ஆகவே இன்று, சிறிய சரக்கு வண்டியின் பின்தொட்டிக்குக் கூண்டு அமைத்துத் தார்ப்பாய் போடுவது எப்படி என்று பார்ப்போம்.

2005-ஆம் ஆண்டில் டாட்டா ஏஸ் வண்டி வந்தது. நம் ஜனங்கள் அதற்குக் 'குட்டியானை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதுவும் அதுபோன்ற பிக்கப் வண்டிகளும் இன்று நம் கிராமங்களில் சாதாரணமாக ஓடுகின்றன. பெரும்பாலும் தொட்டி திறந்தபடிதான் வருகிறது. மழைக்கும் வெயிலுக்கும் மறைப்பு நாம்தான் செய்துகொள்ள வேண்டும்.

"மேலே ஒரு தார்ப்பாயை இழுத்துப் போட்டுக் கயிறு கட்டினா போதாதா?" என்று கேட்பீர்கள். போதாது. சரக்கின் மேல் படிந்து கிடக்கிற தார்ப்பாய் நடுவில் குழியும். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் பரப்பில், 5 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றாலே 50 லிட்டர், அதாவது 50 கிலோ பாரம். அது தக்காளியை நசுக்கும், அல்லது தார்ப்பாயைக் கிழித்துக்கொண்டு உள்ளே இறங்கும். வெயில் நாளில் இன்னொரு கேடு. காற்றில்லாமல் மூடிய காய்கறி புழுங்கி வாடிப்போகும். மழையை வெளியே நிறுத்தணும், காற்றை உள்ளே விடணும். நம் பாட்டன்மார் மாட்டு வண்டிக்கு மூங்கிலை வளைத்துக் கூண்டு கட்டினார்களே, அதே சூத்திரம்தான்.

முதலில் சட்டம் எப்படி என்று பார்ப்போம். ஒரு அங்குல ஜி.ஐ. பைப்பில் மூன்று வளைவுகள் வேண்டும். முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று, பின்னால் ஒன்று. இவற்றை நீளவாக்கில் மூன்று பைப்புகளால் இணைக்க வேண்டும்: உச்சியில் ஒன்று, இரு தோள்களிலும் ஒவ்வொன்று. உச்சி பைப்பு இல்லாவிட்டால் தார்ப்பாய் தொய்ந்துவிடும். மேல்பாகம் தட்டையாக இருக்கக் கூடாது. தண்ணீர் வழிந்தோடும்படி கொஞ்சம் மேடாக இருக்க வேண்டும்.

உயரம் கேபினுக்கு மேல் அரை அடி இருந்தால் போதும். தொட்டித் தரையிலிருந்து ஏறக்குறைய 4 அடி வரும். பிளாஸ்டிக் கிரேட்டு மூன்று அடுக்கு அடங்கும். ஆசைப்பட்டு உயர்த்திவிடாதீர்கள். காற்று பிடித்து வண்டி ஆட்டம் போடும், டீசலும் கூடச் செலவாகும். அதைவிட முக்கியம், தோட்டத்துப் பாதையில் தாழத் தொங்குகிற மின்கம்பி. கூண்டு இரும்பு என்பதை மறக்கக் கூடாது.

வளைவுகளைத் தொட்டியோடு பற்றவைக்காமல், கிளாம்பு போட்டு நட்டு போல்ட்டில் மாட்டுங்கள். வைக்கோல் ஏற்றும் நாளில் கழற்றி வைக்கலாம். துளை போட்ட இடத்தில் ரெட் ஆக்சைடு பூசி, ரப்பர் வாஷர் வையுங்கள், துரு ஏறாது. வண்டியில் வெல்டிங் வேலை நடந்தால் முதலில் பாட்டரி ஒயரைக் கழற்றச் சொல்லுங்கள். பைப்பு முனைகளிலும் மூலைகளிலும் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டினால் தார்ப்பாய் உரசிக் கிழியாது.

அடுத்தது தார்ப்பாய். குட்டியானைத் தொட்டி சுமார் ஏழேகால் அடி நீளம், 5 அடிக்குச் சற்றுக் குறைந்த அகலம். உங்கள் வண்டியை நீங்களே அளந்துகொள்ளுங்கள். பக்கப் பலகைக்கு மேல் கூண்டு 3 அடி என்றால், கணக்கு இப்படி: ஒரு பக்கம் 3 அடி, மேலே வளைவோடு ஐந்தரை, மறுபக்கம் 3, ஆக பதினொன்றரை. பலகைக்கு வெளியே தொங்க, பக்கத்துக்கு முக்கால் அடி சேர்த்தால் 13 அடி. நீளம் ஏழரை, முன்திரையும் பின்திரையும் மும்மூன்றரை, மொத்தம் பதினாலரை. 15-க்கு 15 அடித் தார்ப்பாய் வாங்கினால் மிச்சத்தை ஓரத்தில் மடித்துத் தைத்துவிடலாம். 200 ஜி.எஸ்.எம்.முக்குக் குறையாமல், ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். தார்ப்பாயின் ஓரம் பலகைக்கு வெளியே தொங்க வேண்டும். உள்ளே செருகினால் கூரைத் தண்ணீர் முழுவதும் மூட்டைக்கடியில் போய் நிற்கும். முன்பக்கத்தை இறுக்கிக் கட்டுங்கள். அங்கே காற்று புகுந்தால் தார்ப்பாய் முழுவதும் படபடத்துக் கிழியும். ஓரத்து வளையங்கள் தூரத் தூரமாக இருந்தால், ஒன்றரை அடிக்கு ஒன்றாகக் கூடுதலாக அடித்துக்கொள்ளுங்கள். கயிற்று நுனி சக்கரத்திலோ சைலன்சரிலோ படக் கூடாது. பின்திரை, சிவப்பு விளக்கையும் நம்பர் பலகையையும் மறைக்கக் கூடாது.

இனி உங்கள் சரக்குக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளலாம். ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி கொண்டுபோகிறவர்கள், கூண்டின் மேல் நிரந்தரமாக நிழல் வலை கட்டுங்கள். தார்ப்பாயை அதன் மேல் சுருட்டிவைத்து, மழை வந்தால் மட்டும் இறக்குங்கள். அப்போதும் பின்திரையின் கீழே ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும்.

டெல்டாவில் குறுவை அறுப்பு நேரத்திலேயே மழை பிடித்துக்கொள்கிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதம் என்பது வழக்கமான வரம்பு. நன்றாகக் காய்ந்த நெல், வழியில் நனைந்தால் திரும்பவும் களத்துக்குத்தான் போகணும். ஆகவே நெல்லுக்கு நாலு பக்கமும் இறக்கிக் கட்டுங்கள். ஆனால் ஈர நெல்லை இரவெல்லாம் மூடி வைக்காதீர்கள். உள்ளே சூடேறிக் கெட்டுவிடும்.

கழற்றி மாட்டுகிற கூண்டானாலும் பட்டறைக்குப் போகுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தகரம் அடித்துப் பெட்டி வண்டியாக மாற்றுவதானால் கட்டாயம் அனுமதி வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு அதைச் சொல்கிறது.

கடைசியாக ஒன்று. கூண்டு போட்டு நிழல் வந்ததும், "நாத்து நட ஆளுங்களை இதிலேயே ஏத்திக்கலாமே, கோயிலுக்குக் குடும்பத்தோட போகலாமே" என்று தோன்றும். வேண்டாங்க. பைப்பும் தார்ப்பாயும் மழையைத்தான் தாங்கும். வண்டி கவிழ்ந்தால் ஆளைத் தாங்காது. சரக்கு வண்டியில் ஏறி வந்தவர்களுக்கு இன்சூரன்சும் கைகொடுக்காது. நட்டஈடு உங்கள் தலையில் விழும். போன உயிருக்கு எந்த நட்டஈடும் ஈடாகாது. நாத்து நட வருகிற அந்தப் பெண்கள் இல்லாமல் நமக்கு மகசூலே இல்லை. அவர்களை உட்கார்ந்து போகிற வண்டியிலேயே அழைத்து வாருங்கள்.

ஐப்பசி அடைமழைக்குக் காத்திருக்காமல், புரட்டாசியிலேயே கூண்டு வேலையை முடித்துவிடுங்கள். மழை விட்டதும் தார்ப்பாயைக் காயவைத்து மடித்து, எலி அண்டாத இடத்தில் பரண்மேல் வையுங்கள். பல வருஷம் உழைக்கும்.