விட்டு வந்த வேலையும் விட்டுப் போகாத பெயரும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போன் பண்ணி, "நீ டி.வி.யில வேலை பார்த்தவன்தானே, ஏதாவது சுவாரஸ்யமா பேசுடா" என்றார். நடிகர், நடிகை கதையை எதிர்பார்த்தார் போலிருக்கிறது. நான் பார்த்த வேலையில் நடிகர்கள் யாரும் கிடையாது. ஸ்டூடியோவுக்குப் பின்னால் ஏ.சி. குளிரில் உட்கார்ந்துகொண்டு, திரையில் ஓடுகிற எழுத்துக்கும் படத்துக்கும் ப்ரோகிராம் எழுதுகிற வேலை. அந்த வேலையில் கற்றுக்கொண்ட ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

அந்த நிறுவனத்தில் தேர்தல் முடிவுகளைக் காட்டுவதற்காக ஒரு கிராஃபிக்ஸ் அமைப்பு செய்தோம். எண்கள் உள்ளே வர வர, தொகுதி வரைபடம் தானாக நிறம் மாறும். எந்த விவரம் முதலில் வர வேண்டும், எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், வீட்டில் பார்க்கிற பாட்டிக்கும் புரிய என்ன செய்வது என்றெல்லாம் யோசித்து வடிவமைத்தது நான். எட்டு மாத உழைப்பு. ஓட்டு எண்ணிக்கைக்கு மூன்று வாரம் இருக்கும்போது வேறு வேலை கிடைத்து வெளியே வந்துவிட்டேன்.

எண்ணிக்கை அன்று அப்பா, அம்மா, பக்கத்து வீட்டு மாமா எல்லோரையும் டி.வி. முன்னால் உட்கார வைத்து, "இதை நான்தான் செய்தேன்" என்று பெருமையாகக் காட்டினேன். நிகழ்ச்சி முடிந்து பெயர்ப் பட்டியல் ஓடியது. நான் கிளம்பிய பிறகு சேர்ந்தவரின் பெயர்கூட இருந்தது. என் பெயர் இல்லை. மாமா திரும்பிப் பார்த்து, "நீ வேற சேனல்ல இருந்தியோ?" என்று கேட்டார். நல்ல மனிதர், கிண்டலாகக் கேட்கவில்லை. அதனால்தான் அதிகமாக வலித்தது.

மறுநாள் பழைய ஆபீசுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். "நீங்கதான் இப்ப இங்க இல்லையே சார்" என்று பதில் வந்தது.

நண்பர்களே, அந்தப் பதில்தான் இன்றைய என் தலைப்பு. சம்பளம் வாங்கிக்கொண்டு செய்தேன். ஆகவே அந்த அமைப்பு அவர்கள் சொத்து. அதில் எனக்கு எந்தத் தகராறும் இல்லை. ஆனால் செய்த ஆள் வேலையை விட்டுப் போய்விட்டால், அவர் செய்தது செய்யாததாக ஆகிவிடுமா?

இது எனக்கு மட்டும் நடந்ததல்ல. சூப்பர்மேன் தெரியாதவர் இந்த அரங்கில் இருக்க மாட்டார்கள். அவனை உருவாக்கியவர்கள் ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்ற இரண்டு அமெரிக்க இளைஞர்கள். 1938-இல் 130 டாலருக்கு உரிமையை எழுதிக் கொடுத்தார்கள். 1947-இல் அந்த நிறுவனத்தின்மேல் வழக்குப் போட்டார்கள். அதற்குப் பிறகு அவர்கள் பெயர் கதைகளிலிருந்து எடுக்கப்பட்டது. பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு, 1975 டிசம்பரில்தான் நிறுவனத்தை அப்போது வைத்திருந்த வார்னர் கம்யூனிகேஷன்ஸ் இறங்கி வந்தது. ஆண்டுக்கு ஆளுக்கு 20,000 டாலரும், "உருவாக்கியவர்கள்" என்று பெயர் போடும் உரிமையும் கிடைத்தன. 1978-இல் வந்த சூப்பர்மேன் படத்தில் அந்த இரண்டு பெயரும் உண்டு.

கதை அங்கே முடியவில்லை. அதே வார்னர் 1976-இல் அட்டாரி என்ற வீடியோ கேம் கம்பெனியை வாங்கியது. அங்கே விளையாட்டுகளை எழுதிய இன்ஜினியர்களின் பெயர் பெட்டியிலும் இருக்காது, திரையிலும் வராது. வாரன் ராபினெட் என்பவர் அங்கே அட்வெஞ்சர் என்ற விளையாட்டை எழுதினார். அவர் பாதி எழுதி வைத்திருந்ததை எடுத்துத்தான் இன்னொருவர் சூப்பர்மேன் விளையாட்டையே செய்தார் என்பது வேடிக்கை.

ராபினெட் என்ன செய்தார் தெரியுமா? விளையாட்டுக்குள் ஒரு ரகசிய அறை கட்டினார். கண்ணுக்கே தெரியாத ஒரு சாம்பல் நிறப் புள்ளியைத் தேடி எடுத்துக்கொண்டு போனால் அந்த அறைக்குள் நுழையலாம். உள்ளே, "உருவாக்கியவர் வாரன் ராபினெட்" என்று எழுதியிருக்கும். மொத்த விளையாட்டுக்கும் 4 கிலோபைட்தான் இடம். இன்று காலையில் உங்கள் சித்தப்பா அனுப்பிய குட்மார்னிங் படம் அதைவிடப் பெரியது! அந்த நெருக்கடியில், தன் பெயருக்கும் ஒரு மூலை ஒதுக்கிக்கொண்டார். யாரிடமும் மூச்சு விடவில்லை. 1979-இல் வேலையை விட்டுப் போனார். 1980-இல், விளையாடிக்கொண்டிருந்த ஒரு பதினைந்து வயதுப் பையன் அறையைக் கண்டுபிடித்து அட்டாரிக்கே கடிதம் எழுதினான். அப்புறம்தான் கம்பெனிக்கே விஷயம் தெரிந்தது.

அதே 1979-இல் அட்டாரியின் நான்கு இன்ஜினியர்கள், ஊதியத்திலும் அங்கீகாரத்திலும் மனம் வெறுத்து வெளியே வந்து ஆக்டிவிஷன் நிறுவனத்தைத் தொடங்குவதில் பங்கெடுத்தார்கள். அங்கே செய்தவரின் பெயரை வெளிப்படையாகப் போட்டார்கள். ஒரு வரி எழுத மனமில்லாததால் அட்டாரி இழந்தது நான்கு நல்ல ஆட்களை.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? நான் வக்கீல் இல்லை, ஆனால் படித்துப் பார்த்தேன். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலையில் இருந்தபோது செய்த படைப்புக்கு முதல் உரிமையாளர் முதலாளிதான். ஆனால் 57-ஆவது பிரிவு தனி. பதிப்புரிமையை மற்றவருக்கு எழுதிக் கொடுத்த பிறகும்கூட, "இதைப் படைத்தவன் நான்" என்று சொல்லிக்கொள்ளும் உரிமை படைத்தவருக்கு உண்டு என்கிறது. சொத்துரிமை வேறு, படைத்தவர் என்ற உரிமை வேறு என்று சட்டமே பிரித்து வைத்திருக்கிறது. கம்ப்யூட்டர் ப்ரோகிராமும் இந்தச் சட்டத்தில் இலக்கியப் படைப்புதான். நம்மையும் எழுத்தாளர் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள், தமிழ் ஐயா கேட்டால் சிரிப்பார்!

இதுவரை நான் ரொம்ப நல்லவன் மாதிரி பேசிவிட்டேன். இனிமேல்தான் சொல்ல வந்த விஷயம்.

அடுத்த வேலையில் நான் டீம் லீடர் ஆனேன். என் டீமில் நம் கல்லூரித் தங்கை ஒருவர் இருந்தார். திரையின் அடியில் ஓடும் தமிழ் எழுத்துகள் உடையாமல், கொம்பும் காலும் இடம் மாறாமல் வருவதற்கான பகுதி முழுவதும் அவர் செய்தது. குழந்தை பிறந்ததும் வேலையை விட்டார். அடுத்த வருடம் எங்கள் டீமுக்கு நிறுவனத்தில் விருது கொடுத்தார்கள். பெயர்ப் பட்டியல் கேட்டார்கள். நான்தான் எழுதிக் கொடுத்தேன். நான்கு பெயர். அவர் பெயரை எழுதவில்லை. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. "அவர்தான் இப்ப இங்க இல்லையே" என்று மனதில் ஓடியது, அவ்வளவுதான்.

செய்தி கேட்டு அவர் போன் பண்ணினார். "வாழ்த்துகள் அண்ணா. அந்த எழுத்தெல்லாம் ஒழுங்கா வருதா?" என்று மட்டும் கேட்டார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாளே நிர்வாகத்துக்கு எழுதி, ஆவணங்களில் அவர் பெயரைச் சேர்க்க வைத்தேன். நேரிலும் போய் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் கேடயத்தில் அதற்குள் பெயர் பொறித்தாகிவிட்டது. வரவேற்பறையில் இன்றும் அது நான்கு பெயரோடுதான் இருக்கிறது. அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதை இங்கே சொல்கிறேன்.

ஆகவே தம்பி தங்கைகளே, வேலைக்குச் சேரும்போது சம்பளத்தைப் போலவே இதையும் கேளுங்கள்: "நான் போன பிறகும் நான் செய்ததற்கு என் பெயர் இருக்குமா?" பதிலை எழுத்தில் வாங்குங்கள். கிளம்பும்போது அனுபவச் சான்றிதழில் பதவியும் தேதியும் மட்டும் போதாது, என்ன வேலை செய்தீர்கள் என்று எழுதச் சொல்லி வாங்குங்கள். ப்ரோகிராமைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு வராதீர்கள், அது அவர்கள் பொருள். ஐந்து பேர் செய்ததை ஒருவராகச் செய்ததாகவும் சொல்லாதீர்கள்.

அண்ணன்மார்களே, அக்காமார்களே, உங்களில் பலர் இன்று பட்டியல் எழுதும் இடத்தில் இருக்கிறீர்கள். எழுதும்போது "இப்போது யார் இருக்கிறார்கள்" என்று பார்க்காமல், "யார் செய்தார்கள்" என்று பாருங்கள். செலவு ஒரு வரிதான்.

கடைசி வருட ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் போனாஃபைட் பக்கம் ஞாபகம் இருக்கிறதா? சீனியர் ரிப்போர்ட்டைப் பார்த்து அப்படியே டைப் அடித்து, பெயரை மட்டும் மாற்றி, ஹெச்.ஓ.டி. கையெழுத்துக்காக வாசலில் காத்து நின்றோமே, அதேதான். "இது இன்னார் செய்த வேலை" என்று இந்தக் கல்லூரி நமக்காகச் சான்று சொன்ன பக்கம் அது. அன்று அதைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை. வெளியே வந்த பிறகு அப்படி ஒரு பக்கத்தை யாரும் நமக்குத் தானாகப் போட்டுத் தருவதில்லை. நாம் ஒருவருக்கொருவர் போட்டுக் கொடுத்தால்தான் உண்டு.