பேனாக்கத்தி சொல்லும் சரித்திரம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"அரசியல் வேண்டாம்ப்பா, உன் பொழுதுபோக்கைப் பற்றிப் பேசு" என்றார் சங்கச் செயலாளர். "கத்தி சேர்க்கிறேன்" என்றேன். மனுஷர் ஒரு நிமிஷம் பேசவில்லை! பயப்பட வேண்டாம். மடக்கிப் பையில் போட்டுக்கொள்ளும் பேனாக்கத்திதான். பென்சில்வேனியாவில் வேலை பார்த்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம்.

அந்த நாட்டில் பேனாக்கத்தி என்பது அப்பா பையனுக்குக் கொடுக்கும் முதல் 'பெரிய மனுஷன்' பொருள். மார்க் ட்வைன் 1876-ல் வெளியிட்ட டாம் சாயர் கதையில், பைபிள் வசனம் மனப்பாடம் செய்ததற்கு டாமுக்கு ஒரு பார்லோ கத்தி பரிசாகக் கிடைக்கும். விலை பன்னிரண்டரை சென்ட். எதையும் வெட்டாது. ஆனாலும் அசல் பார்லோ என்பதில் பையனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்!

இந்த 'அசல்' என்ற சொல்லில்தான் என் பொழுதுபோக்கே அடங்கியிருக்கிறது.

முதலில் நல்ல கத்திகள் இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலிருந்தும் ஜெர்மனியின் சோலிங்கனிலிருந்தும் வந்தன. 1890-ல் மெக்கின்லி சட்டம் இறக்குமதி வரியை ஏற்றியது. இறக்குமதிப் பொருளில் செய்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றும் சொன்னது. நியூயார்க், பென்சில்வேனியா மாநிலங்களில் கத்தித் தொழில் தழைத்தது. முதல் உலகப் போர் முடிந்து துப்பாக்கி ஆர்டர்கள் குறைந்ததும், ரெமிங்டன் கம்பெனியே 1920-ல் பேனாக்கத்தி செய்ய வந்துவிட்டது.

சரி, ஒரு பழைய கத்தி கையில் கிடைத்தால் என்ன பார்ப்பது? அலகு கைப்பிடிக்குள் நுழையும் இடத்தில், அலகின் அடியில், பொடி எழுத்தில் ஒரு முத்திரை இருக்கும். அதுதான் கத்தியின் பிறப்புச் சான்றிதழ். பிராட்ஃபோர்டு நகரத்து கேஸ் கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். 'கேஸ் எக்ஸ்எக்ஸ்' என்று மட்டும் இருந்தால் பொதுவாக 1940-லிருந்து 1964-க்குள். 'யு.எஸ்.ஏ.' சேர்ந்தால் 1965-லிருந்து 1969. 1970-ல் அதன்கீழ் பத்துப் புள்ளிகள் வைத்தார்கள். வருஷத்துக்கு ஒரு புள்ளி குறைத்தார்கள். மாணவர்களே, ஏழு புள்ளி இருந்தால்? சபாஷ், 1973! 1980-ல் மறுபடி பத்துப் புள்ளி. ஆனால் எஸ் எழுத்து மட்டும் மின்னல் மாதிரி வளைந்திருக்கும்.

எண்ணும் பேசும். 6254 என்றால் 6 எலும்புக் கைப்பிடி, 2 இரண்டு அலகு, 54 மாதிரியின் எண். முதல் எண் 5 என்றால் மான்கொம்பு. அந்தக் கொம்பில் பெரும்பகுதி எங்கிருந்து போனது தெரியுமோ? நம் நாட்டுக் கடமானின் கொம்பு! பிறகு இந்தியா ஏற்றுமதியைத் தடை செய்தது. அதனால் பழைய மான்கொம்புக் கத்திக்கு மவுசு கூடிவிட்டது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பழைய கார்பன் எஃகு, பழம் நறுக்க நறுக்கக் கறுக்கும். வாழைக்காய் நறுக்கிய அரிவாள்மணை கறுப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான். இந்தக் கருமை கெடுதல் இல்லை. எஃகைத் தின்பது செந்துரு. அதை மட்டும் எண்ணெய் தொட்டு மெதுவாக எடுத்தால் போதும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு பெரியவர் தன் அப்பாவின் கத்தியை விற்க வந்திருந்தார். நல்ல விலை கிடைக்கட்டும் என்று மெஷினில் கொடுத்துப் பளபளவென்று தேய்த்திருந்தார். வாங்குபவர்கள் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார்கள். என்னிடம் நீட்டி, "அப்பா இதை எந்த வருஷம் வாங்கியிருப்பார், சொல்ல முடியுமா?" என்று கேட்டார். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். முத்திரை இருந்த இடம் கண்ணாடி மாதிரி இருந்தது. அவர் மறுபடி பையில் போட்டுக்கொண்டு போனார். விலை போனதைவிட, அந்தக் கேள்விக்குப் பதில் போனதுதான் அவருக்கு வருத்தம்.

பதில் சொல்லத் தொழிற்சாலைகளும் இல்லை ஐயா. 1904-ல் தொடங்கிய ஷ்ரேட், 2004-ல் மூடியது. கமில்லஸ் 2007-ல் போயிற்று. டைட்டஸ்வில் நகரத்துக் குவீன் 2018-ல். ஷ்ரேட், கமில்லஸ் பெயர்களை வேறு கம்பெனிகள் வாங்கி, வெளிநாட்டில் செய்த கத்திகளிலும் போட்டன. ரெமிங்டனின் 1922-ம் வருஷத்துப் பிரபலமான 'புல்லட்' கத்தியும் 1982-ல் மறுபதிப்பாக வந்தது. இதெல்லாம் நேர்மையான வியாபாரம்தான். ஆனால் பழைய முத்திரையைப் புதிதாகக் குத்தி விற்கும் ஆசாமிகளும் உண்டு. எனவே பெயரை மட்டும் நம்பாதீர்கள். இரண்டு அலகும் ஒரே அளவு தேய்ந்திருக்கிறதா? அலகு தேய்ந்தும் முத்திரை மட்டும் புத்தம் புதுசாக இருக்கிறதா? ரிவெட்டைக் கழற்றி அடித்த தடயம் உண்டா? இவற்றைப் பாருங்கள்.

பாதுகாக்க இரண்டே விதி. தோல் உறையிலேயே வைத்துவிடாதீர்கள். பதனிட்ட ரசாயனம் எஃகை அரிக்கும். செல்லுலாய்டு கைப்பிடிக் கத்தியைத் தனியாக வையுங்கள். அது சிதையும்போது வெளிவரும் வாயு பக்கத்துக் கத்திகளையும் கெடுக்கும். விமானத்தில் வரும் நண்பர்களே, கைப்பையில் மறந்தும் வைக்காதீர்கள்!

கத்தி இல்லாவிட்டாலும், உங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் கைக்கடிகாரமோ, பேனாவோ இருக்கும். பாலிஷ் போடும் முன்பு, லென்ஸ் வைத்து அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். படித்ததை ஒரு காகிதத்தில், யாருடையது என்று பெயரோடு எழுதி, அதோடு வையுங்கள். தேநீர் இடைவேளையில் என் லென்ஸ் மேஜைமேல் இருக்கும். கேட்க வேண்டியதைக் கேளுங்கள்.