கைச்செலவுக் காசும் கணக்கும்



பெற்றோர் உங்கள் கைச்செலவுக்கென்று தரும் சிறு தொகையைப் பற்றி இன்று சில சொற்கள் கூற விரும்புகிறேன். "சில்லறைக் காசுக்குக் கணக்கு எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் ஒரு காலத்தில் அவ்வாறு எண்ணியவன்தான். அந்த எண்ணம் என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1971-ஆம் ஆண்டு. நான் ஆறாம் வகுப்பு மாணவன். என் தந்தையார் அரிசி மண்டியில் கணக்கெழுதி வந்தார். மாதப் பிறப்பன்று எனக்கு ஒரு ரூபாய் தருவார். எழுதுகோல், மை, வரைபடத் தாள், தின்பண்டம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

டிசம்பர் மாதத்து ரூபாய் என் கைக்கு வந்தபோது, எங்கள் ஊர்க் கோயிலில் கார்த்திகைத் திருவிழா. ராட்டினம், பஞ்சு மிட்டாய், சாயம் பூசிய பம்பரம்! ஐந்தாம் நாள் பார்க்கிறேன், சட்டைப்பையில் ஒரு காசும் இல்லை. மறுநாள் வகுப்பிற்கு இந்திய வரைபடத் தாள் கொண்டுவர வேண்டுமென்று ஆசிரியர் சொல்லியிருந்தார்.

அப்பொழுது நம் நாட்டில் போர் மூண்டிருந்தது. டிசம்பர் 7 கொடிநாள். படைவீரர்களின் நலனுக்காகச் சிறு கொடிகளை விற்று நிதி திரட்டினோம். வகுப்புத் தலைவன் என்ற முறையில் காசு சேர்த்த தகர டப்பா என் பொறுப்பில் இருந்தது. "பிறகு போட்டுவிடலாம்" என்று என்னை நானே தேற்றிக்கொண்டு, அதிலிருந்து தாமரை பொறித்த இருபது பைசா நாணயம் ஒன்றை எடுத்தேன். வரைபடத் தாள் வந்தது. அன்றிரவு உறக்கம் வரவில்லை.

தந்தையார் என் முகத்தைப் பார்த்தே ஏதோ நடந்திருக்கிறது என்று அறிந்துகொண்டார். அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். அவர் என்னை அடிக்கவில்லை. "தம்பி, இந்த இருபது பைசா உனக்குக் கடன். அடுத்த மாதக் காசில் பிடித்துக்கொள்வேன். காலையில் நீயே ஆசிரியரிடம் சொல்லிவிட்டு டப்பாவில் போடு" என்றார். ஆசிரியர் முன் நின்ற அந்த இரண்டு நிமிடங்களை இன்றும் மறக்க இயலவில்லை.

அன்று மாலை தந்தையார் ஒரு குறிப்பேட்டில் கோடு கிழித்து, வரவு, செலவு, இருப்பு என்று மூன்று தலைப்புகள் இட்டுத் தந்தார். "செலவானபின் எழுதுவது கணக்கு. செலவாகுமுன் எழுதுவது திட்டம். உனக்கு இரண்டும் வேண்டும்" என்றார். அரசாங்கமும் ஆண்டுதோறும் அதைத்தானே செய்கிறது? செலவிடத் தொடங்குமுன் வரவு செலவுத் திட்டத்தை மன்றத்தின் முன் வைக்கிறது.

மாணவச் செல்வங்களே, இதனை நீங்களும் எளிதாகச் செய்யலாம். மாதத்திற்கு இருநூறு ரூபாய் கிடைப்பதாகக் கொள்வோம். வாங்கியே தீரவேண்டிய பொருள்களுக்கு நூறு ரூபாயை முதலில் ஒதுக்குங்கள். ஐம்பது ரூபாயை ஒரு நோக்கத்திற்காகச் சேமியுங்கள். நோக்கமில்லாத சேமிப்பு நெடுநாள் நிலைக்காது. முந்நூறு ரூபாய் விலையுள்ள பூப்பந்து மட்டை வேண்டுமானால், ஆறு மாதத்தில் அது உங்கள் கைக்கு வந்துவிடும். எஞ்சிய ஐம்பது ரூபாய் உங்கள் விருப்பத்திற்கு உரியது. மிட்டாய் வாங்கினாலும் நண்பனுக்கு ஏதேனும் வாங்கிக் கொடுத்தாலும் தவறில்லை. ஆனால் அதனை நான்கு வாரங்களுக்குப் பங்கிட்டு, வாரத்திற்குப் பன்னிரண்டரை ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரத்திலேயே அனைத்தும் தீர்ந்துவிட்டால், மற்ற மூன்று வாரங்கள் பொறுத்திருக்கப் பழகுங்கள்.

திட்டமிடுதல் கஞ்சத்தனம் அன்று. கஞ்சன் வேண்டியதற்கும் செலவிட மாட்டான். திட்டமிடுபவனோ வேண்டியதற்குத் தயங்காமல் செலவிடுவான். வரும் வழி சிறிதாயினும், போகும் வழி அதைவிட அகலாதிருந்தால் கேடில்லை என்பது வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் காட்டும் நெறி.

இக்காலத்தில் இந்தப் பழக்கம் முன்னைவிட இன்றியமையாதது. என் பையில் நாணயங்கள் குறைவதைக் கைவிரல்கள் உணர்ந்தன. 2016-க்குப் பின் கைப்பேசி வழியாகப் பணம் செலுத்தும் முறை பரவிவிட்டது. அதில் பணம் போவது கைக்குத் தெரிவதில்லை. ஆகவே அன்றன்று எழுதிவைத்தல் வேண்டும். பத்து வயது நிறைந்தவர் அஞ்சலகத்தில் தம் பெயரிலேயே சேமிப்புக் கணக்குத் தொடங்கலாம். அந்த வசதியையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளையின் காசு பாதி மாதத்தில் தீர்ந்துவிட்டால் உடனே மீண்டும் கொடுத்துவிடாதீர்கள். கடுஞ்சொல்லும் வேண்டா. சிறு தொகையில் செய்யும் பிழை சிறு இழப்போடு முடியும். அதனை இளமையில் உணராதவர், சம்பளம் வாங்கும் வயதில் பெருந்தொகையில் அதே பிழையைச் செய்வர். அதே சமயம், செய்த தவற்றை அஞ்சாமல் உங்களிடம் வந்து சொல்லும் துணிவு பிள்ளைக்கு இருக்கவேண்டும். என் தந்தையாரிடம் எனக்கு அத்துணிவு இருந்ததனால்தான் நான் தப்பினேன்.

நான் எடுத்த அந்த இருபது பைசா இன்று செல்லாக்காசு. 25 பைசாவும் அதற்குக் குறைந்த நாணயங்களும் 2011-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாளோடு செலாவணியிலிருந்து நீங்கிவிட்டன. அது கற்பித்த பாடத்தைக் கொண்டு நான் இன்றுவரை வாழ்ந்து வருகிறேன். நீங்கள் இன்றிரவே ஒரு குறிப்பேட்டை எடுத்து மூன்று தலைப்புகளை எழுதுங்கள்.