நாலரைக் கட்டையும் 32 வயதும்



நவராத்திரி மாலையில் ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதிகளிலோ உத்தர வீதிகளிலோ நடந்து போனால், கொலு வைத்திருக்கும் வீடுகளிலிருந்து பாட்டுச் சத்தம் வரும். உள்ளே சுண்டல், வெற்றிலை பாக்கு, மஞ்சள் எல்லாம் தாம்பாளத்தில் தயாராக இருக்கும். வந்தவர்களில் மூத்த ஒருவரைப் பார்த்து வீட்டுப் பெண் கேட்பாள்: “மாமி, ஒரு பாட்டுப் பாடுங்கோளேன்.” மாமி தயங்குவார். “குரலெல்லாம் எங்கடி இருக்கு, கட்டிண்டு கிடக்கு” என்பார். பிறகு புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, தொண்டையைச் செருமி, மெல்ல ஒரு ‘ம்’ போட்டுப் பார்ப்பார். அது நிற்கவில்லை என்றால் கொஞ்சம் இறக்கி இன்னொரு ‘ம்’. அதைப் பிடித்துக்கொண்டு பாட ஆரம்பிப்பார்.

அந்த இரண்டாவது ‘ம்’ முக்கியமானது. அதைப் பற்றிப் பிறகு பார்ப்போம்.

அதே மாமி ஒரு பாட்டுப் போட்டிக்கு விண்ணப்பம் வாங்கினால், பெயருக்கு அடுத்த கட்டத்திலேயே நின்றுவிட நேரும். வயது என்ன? ஆகாசவாணியின் இசைப் போட்டி 16 முதல் 24 வயது வரையுள்ளவர்களுக்கானது. ஸ்ரீரங்கம் மூலத்தோப்பிலுள்ள மாவட்ட அரசு இசைப்பள்ளியில் சேர, மற்ற மாவட்டப் பள்ளிகளைப் போலவே 12 முதல் 25 வயது வரை என்பது விதி. கடல் தாண்டிப் போனாலும் இதே கதைதான். பிளாசிடோ டொமிங்கோ 1993இல் தொடங்கிய ‘ஓபராலியா’ உலகப் போட்டியில் 18 முதல் 32 வயதுக்காரர்கள் பாடலாம். பிபிசி 1983இல் வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் நகரில் தொடங்கிய உலகப் பாடகர் போட்டிக்கும் 32தான் எல்லை. 33வது பிறந்தநாளுக்கு மறுநாள் அந்தத் தொண்டையில் என்ன மாறிவிடுகிறது என்று கேட்டால் பதில் கிடையாது.

ஓபரா எனும் மேல்நாட்டு இசை நாடக உலகம் சொல்லும் காரணம் ஒன்று உண்டு. அங்கே பாடகர் ஒலிபெருக்கி இல்லாமல், ஒரு பெரிய வாத்தியக் குழுவைத் தாண்டித் தன் குரலை அரங்கின் கடைசி வரிசைக்குக் கொண்டுபோக வேண்டும். எந்தச் சுருதியில் பாட வேண்டும் என்பதைப் பெரும்பாலும் பாட்டை எழுதியவரே தீர்மானித்துவிட்டார். குரல் இறங்குகிறதே என்று நடு நாடகத்தில் சுருதியை இறக்க முடியாது. ஆகவே முன்னால் நீண்ட தொழில் வாழ்க்கை உள்ள இளைஞர்களைத் தேடுகிறோம் என்கிறார்கள். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் அவர்களுடைய வரலாறே அதற்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. நார்வே நாட்டின் கிர்ஸ்டன் ஃப்ளாக்ஸ்டட் 1935இல் நியூயார்க் மெட்ரோபாலிடன் ஓபராவில் முதன்முறை பாடியபோது அவருக்கு வயது 39. வாக்னரின் இசை நாடகங்களுக்கு அவரைப் போலக் குரல் அமைந்தவர் அந்த நூற்றாண்டில் அரிது என்று இன்றும் சொல்கிறார்கள். கனமான குரல்கள் முப்பதுகளின் பிற்பகுதியில்தான் முற்றும் என்பது அந்தத் துறையில் பாடம் நடத்துகிறவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். போட்டியை நிறுவிய டொமிங்கோவே வாழ்நாளெல்லாம் உச்சக் குரலில் பாடிவிட்டு, 2009இல், 68வது வயதில், பெர்லின் மேடையில் கீழ்க் குரலுக்குரிய பாத்திரம் ஒன்றை ஏற்றுப் பாடினார். குரல் எங்கே நிற்கிறதோ அங்கே பாடுவது என்று முடிவெடுத்தார். ஸ்ரீரங்கத்து மாமியின் இரண்டாவது ‘ம்’முக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

நம் சங்கீதம் இந்த வசதியைப் பிறவியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறது. சுருதி பாடுகிறவருடைய சொத்து. அதைக் ‘கட்டை’க் கணக்கில் சொல்வோம். இளவயதில் ஐந்து, ஐந்தரைக் கட்டையில் பாடிய பெண் அறுபதில் நாலரைக்கு வரலாம், நாலுக்கும் வரலாம். தம்புராவின் பிருடையைக் கொஞ்சம் திருகினால் போதும், அல்லது சுருதிப் பெட்டியில் எண்ணை மாற்றினால் போதும். கிருதி அதே கிருதிதான், ராகம் அதே ராகம்தான். பக்கவாத்தியக்காரர் தன் வயலினை அதற்கேற்பச் சுருதி சேர்த்துக்கொள்கிறார். சபையில் யாரும் முகம் சுளிப்பதில்லை. ஓபராக்காரர்கள் வயது வரம்புக்குச் சொல்லும் காரணத்தில் பாதிக்கு மேல் இங்கே செல்லாது.

வயது குரலை ஒன்றும் செய்யாது என்று யாரும் சொல்ல வேண்டாம். குரல்வளைக் குருத்தெலும்புகள் இறுகுகின்றன. குரல் நாண்களின் நெகிழ்வு குறைகிறது. நெஞ்சு கொள்ளும் மூச்சும் குறைகிறது. மாதவிடாய் நின்றபின் பெண்களின் குரல் தடித்து இறங்குவதும் உண்டு. மேல் ஸ்தாயி சட்டென்று எட்டாது, பிருகா முன்போல உதிராது. ஆனால் விளம்ப காலத்தில் ஒரு சங்கதியை எங்கே நிறுத்த வேண்டும், ஒரு சொல்லுக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதெல்லாம் பாடிப் பாடித்தான் வரும். அப்படி விளம்ப காலத்தில் பாடும் பதங்களைக் கற்றுக்கொள்ள, பேர்பெற்ற வித்வான்களும் விதுஷிகளும் மூத்த பாடகி டி. பிருந்தாவின் முன்னால் போய் உட்கார்ந்தார்கள். அவர்கள் போனது வேகத்தைத் தேடி அல்ல.

எடுத்துக்காட்டுகள் வேண்டும் என்றால் வரிசையாக நிற்கின்றன. செம்பை வைத்தியநாத பாகவதர் 1974 அக்டோபர் 16 அன்று, 78 வயதில், ஒற்றப்பாலத்துக் கோயிலில் கச்சேரி பாடி முடித்த அன்றுதான் காலமானார். செம்மங்குடி சீனிவாச ஐயர் தொண்ணூறு வயதிலும் பாடினார். இளமையில் அவரை மிகவும் சோதித்த சாரீரம் அவருடையது. ஆகாசவாணியில் நெடுங்காலம் பணியாற்றிய பெங்களூர் ஆர்.கே. ஸ்ரீகண்டன் தொண்ணூறைக் கடந்தும் மேடையேறினார். திருச்சி ஏ.கே.சி. நடராஜன் வாசித்தது கிளாரினெட் என்றாலும் அதுவும் மூச்சின் தொழில்தான். 2008இல் சங்கீத கலாநிதி பட்டமும், 2022இல் 90 வயதில் பத்மஸ்ரீ விருதும் பெற்றார்.

இவர்கள் எல்லோரையும்விட மனதில் நிற்பவர் பாறசாலை பொன்னம்மாள். திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்தில் காலங்காலமாக ஆண்கள் மட்டுமே பாடிவந்தார்கள். 2006இல் அந்த வழக்கம் மாறியபோது, அங்கே பாடிய முதல் பெண்மணி அவர். வயது 81. அந்த இடத்துக்கு இளம் பாடகி ஒருவரைத் தேடியிருக்கலாம். தேர்ந்தெடுத்தவர்கள் அப்படிச் செய்யவில்லை. கை நீண்ட ரவிக்கையும் பழைய முறைப் புடவையுமாக அவர் நிமிர்ந்து உட்கார்ந்து அழுத்தமாகப் பாடியதைக் கேட்டவர்கள், அதன்பிறகு அவரைச் சபை சபையாக அழைத்தார்கள். 96 வயது வரை வாழ்ந்தார். ஐம்பது வயதில் அவருக்கு அந்த மேடை கிடைத்திருந்தால் எத்தனை கச்சேரிகள் நமக்குக் கிடைத்திருக்கும் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

விதியில் எழுதிய வரம்பு ஒரு பக்கம். எழுதாத வரம்பு இன்னொரு பக்கம். 2009இல் பிரிட்டன் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் சூசன் பாயில் மேடைக்கு வந்து, தன் வயது 47 என்று சொன்னதும் அரங்கில் சிரிப்பு எழுந்தது. அவர் வாயைத் திறந்து பாடிய சில நொடிகளில் அதே அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. உலகமே அந்தக் காட்சியை அதிசயமாகத் திரும்பத் திரும்பப் பார்த்தது. இதில் அதிசயப்பட என்ன இருக்கிறது? நன்றாகப் பாடுகிற ஒருவர் நன்றாகப் பாடினார். முதலில் வந்த சிரிப்பைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும்.

நம் ஊரிலும் நடந்தது. 2018இல் ஜீ தமிழ் ‘சரிகமப சீனியர்ஸ்’ நிகழ்ச்சியில், வீட்டு வேலை செய்து பிழைத்துவந்த 63 வயது ரமணியம்மாள் இரண்டாம் இடம் பெற்றார். 2004இல் வந்த ‘காதல்’ படத்திலேயே பாடியவர் அவர். அதன்பிறகு ஒரு தொலைக்காட்சி மேடை அவருக்குக் கிடைக்கப் பதினான்கு ஆண்டுகள் ஆயின. “இந்த வயசுலயும் எப்படிப் பாடறாங்க பாரு” என்று வீட்டுக்கு வீடு வியந்தார்கள். அன்போடு சொன்னதுதான். ஆனாலும் அந்த ‘இந்த வயசுலயும்’ என்ற சொல், பாட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வயதை முன்னால் நிறுத்திவிடுகிறது.

வயதை வைத்து எதையும் கணிக்க முடியாது என்பதற்கு ஒரே இரவில் இரண்டு சாட்சிகள் கிடைத்தன. 2012 மே மாதம், பாகு நகரில் யூரோவிஷன் பாட்டுப் போட்டி. பிரிட்டன் சார்பில் பாடியவர் எங்கெல்பெர்ட் ஹம்பர்டிங்க். 1936இல் நம் சென்னையில் பிறந்தவர். வயது 76. இருபத்தாறு நாடுகளில் அவருக்குக் கிடைத்தது 25வது இடம். கிழவரை அனுப்பினால் இப்படித்தான் என்று பேசியிருக்க முடியும். ஆனால் அதே மேடையில் ரஷ்யாவின் சார்பில் புரானோவோ என்ற கிராமத்துப் பாட்டிகள் தலையில் முக்காடு கட்டிக்கொண்டு வந்து பாடினார்கள். அவர்களில் மூத்தவருக்கும் 76 வயதுதான். அவர்களுக்கு இரண்டாம் இடம். அன்று வயது யாரையும் தூக்கவுமில்லை, கவிழ்க்கவுமில்லை.

இதையெல்லாம் வானொலியில் பேசுவதற்குக் காரணம் உண்டு. 1939 மே 16 அன்று திருச்சி வானொலி நிலையம் தொடங்கிய நாள் முதல், காவிரிக் கரை வீடுகளுக்குள் குரல்கள் மட்டுமே வந்தன. நரைத்த தலையா கருத்த தலையா என்று கேட்பவருக்குத் தெரியாது. 1950களில் வானொலி ஆடிஷன் முறை வந்தபோதும், பாடுகிறவரின் பெயரும் முகமும் தெரியாமல் ஒலியை மட்டும் கேட்டு மதிப்பிடுவது என்ற யோசனைதான் அதற்கு அடிப்படை. அமெரிக்க வாத்தியக் குழுக்கள் 1970களில் பரவலாகத் திரை கட்டி ஆள் எடுக்கத் தொடங்குவதற்கு முன்பே இங்கே அந்த எண்ணம் இருந்தது. இதில் நாம் பெருமைப்படலாம்.

திருச்சி வானொலிக்கு எழுதிக்கொண்டிருந்த ஸ்ரீரங்கத்து இளைஞர் ரங்கராஜன், ஒரு பக்திப் பாட்டை அஞ்சலட்டையில் எழுதிப் பாடகர் டி.எம். சௌந்தரராஜனுக்கு அனுப்பினார். அவர் அதற்கு மெட்டமைத்துப் பாடினார். அந்த ரங்கராஜன்தான் கவிஞர் வாலி. எண்பதைத் தாண்டியும் சினிமாவுக்குக் காதல் பாட்டு எழுதினார். தமிழ்நாடு அவரை ‘வாலிபக் கவிஞர்’ என்றே அழைத்தது. பேனாவுக்கு நாம் காட்டிய இந்தப் பெருந்தன்மையைத் தொண்டைக்கும் காட்டலாம். 2010 செம்மொழி மாநாட்டுப் பாடலின் தொடக்கத்தில், எண்பத்தைந்தைத் தாண்டிவிட்ட சௌந்தரராஜனின் குரல் கேட்டபோது ஏற்பட்ட சிலிர்ப்பைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள்.

வயது வரம்பு யாரை அதிகம் அடிக்கிறது? பெண்களை. பத்து வயதில் வர்ணம் வரை கற்றுக்கொண்டு, பதினாறில் கீர்த்தனைகள் பாடி, கல்யாணத்தோடு நிறுத்தியவர்கள் திருச்சியில் தெருவுக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். பிள்ளைகள் வளர்ந்து, மாமியார் மாமனாரைப் பார்த்துக்கொண்ட காலமும் கடந்து, ஐம்பதில் மறுபடி தம்புராவைத் துடைத்து எடுக்கிறார்கள். 24 என்றும் 32 என்றும் கோடு போடுகிறவர்கள், இவர்கள் அடுப்படியில் நின்றிருந்த ஆண்டுகளைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

இளையவர்களுக்குத் தனிக் கதவு வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. 1914இல் எஃப்.ஜி. நடேச ஐயர் தொடங்கிய திருச்சி ரசிக ரஞ்சன சபாவின் நாடகத்தில் லோகிதாசனாக நடித்துப் பாடிய சிறுவன்தான் பிறகு எம்.கே. தியாகராஜ பாகவதர் ஆனான். அந்தக் கதவு சாத்தப்படக் கூடாது. பக்கத்தில் இன்னொன்று திறக்க வேண்டும், அவ்வளவுதான். நெதர்லாந்தில் 2018இல் அறுபது கடந்தவர்களுக்கென்றே ஒரு தொலைக்காட்சிப் போட்டி தொடங்கி, பல நாடுகளுக்குப் பரவியது. சங்கீத நாடக அகாதமி 2023 செப்டம்பரில், 75 வயதைக் கடந்தும் தேசிய அளவில் கௌரவம் கிடைக்காத 84 கலைஞர்களுக்கு அம்ரித் விருது கொடுத்தது. தமிழ்நாட்டு மாவட்ட விருதுகளைப் பாருங்கள்: 18 வயது வரை கலை இளமணி, 35 வரை கலை வளர்மணி, 50 வரை கலைச் சுடர்மணி, 65 வரை கலை நன்மணி, அதற்கு மேல் கலை முதுமணி. எந்த வயதுக்காரரும் வெளியே நிற்க வேண்டியதில்லை. விருதுக்குப் போட்ட இந்தப் படிக்கட்டைப் போட்டிக்கும் போட முடியும்.

மார்கழிப் பகல் பத்தில் ஸ்ரீரங்கம் அர்ச்சுன மண்டபத்துக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். நம்பெருமாள் முன்னால் நீண்ட குல்லாய் அணிந்து, கையில் குழித்தாளத்தோடு அரையர்கள் நிற்பார்கள். பரம்பரை பரம்பரையாக வரும் சேவை அது. மூத்தவர் ஒரு பாசுரத்தை எடுக்க, அடுத்த தலைமுறை பக்கத்தில் நின்று சேர்ந்துகொள்ளும். மூத்தவரின் குரல் சற்று நடுங்கினாலும் எதிரே நிற்கும் கூட்டம் அசையாமல் கேட்கும்.

அப்படிக் கேட்கத் தெரிந்த ஊர் இது. ஆகவே திருச்சி, ஸ்ரீரங்கம் சபாக்கள் தங்கள் போட்டிகளில் மேல் வரம்பே இல்லாத பொதுப் பிரிவு ஒன்றை இந்த ஆண்டே சேர்க்கலாம். முதல் சுற்றில் ஒலிப்பதிவும் ஓர் எண்ணும் மட்டும் நடுவரிடம் போகட்டும். வயதுக்காக யாருக்கும் கூடுதல் மதிப்பெண் வேண்டாம், சலுகையும் வேண்டாம். விண்ணப்பத்தில் ‘வயது’ என்றிருக்கும் கட்டத்தில் ‘சுருதி, எத்தனை கட்டை’ என்று அச்சடித்தால் போதும். பதினெட்டு வயதுப் பெண் ஐந்தரை என்று எழுதுவாள். மாமி ஒருமுறை செருமிப் பார்த்துவிட்டு, நாலரை என்று எழுதுவார்.